ஆளில்லாத வீட்டுக்குச் சூடு

காலையில் கண் விழித்ததும் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே நிற்கிற இரும்பு ரேடியேட்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவோமே, அதே மாதிரிதான். நம் ஊரில் நெற்றி சுட்டால் பயம். இங்கே இது சில்லென்று இருந்தால் பயம். சுட்டது என்றால் நிம்மதியாக எழுந்து காப்பி போடப் போவேன். பத்து மணி வெயிலுக்கே குடை பிடிக்கிற கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணத்துக்கடவில் பிறந்த ஒருத்திக்கு, வீடு சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிற பிழைப்பு வரும் என்று எந்தச் சோசியக்காரனும் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, கனடாவை எட்டிப் பார்க்கிற தூரத்தில் ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு காகித ஆலையில் பொறியாளர். அவருக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. வீட்டுக்கு அடியில் ‘பேஸ்மென்ட்’ என்று ஒரு நிலவறை. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பாய்லர். அது எண்ணெயை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். பக்கத்தில் ஒரு குட்டிப் பம்பு அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக அறை அறையாக அனுப்பி ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டு மறுபடி கீழே கொண்டுவரும். வீடு பூராவும் வெந்நீர் சுற்றுகிறது, ஆனால் குளிக்க அதில் ஒரு சொம்பு எடுக்க முடியாது. குளிக்கிற வெந்நீருக்கு வேறு தொட்டி. முதல் குளிர்காலத்தில் இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். எங்கள் ஊரில் குளியலறையில் செம்பு பாய்லர் உண்டு. கொட்டாங்குச்சி நாலு போட்டால் வீட்டில் எல்லோரும் குளிக்கலாம். குளித்து முடித்தால் தணலில் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவோம். இந்த ஊர்ப் பாய்லரை அப்படி அணைத்துவிட முடியாது என்பதைத்தான் இப்போது எழுதவந்தேன். புதிதாகப் பனி நாட்டுக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

அப்பா எங்களோடு இருக்க வந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோடை முடிகிற சமயத்தில். மார்கழிக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஊருக்குப் போவது, தையில் தம்பி கல்யாணம் என்று ஏற்பாடு. அம்மாவையும் கூப்பிட்டோம். செவலைப் பசு கன்று போடுகிற மாதம், அதை விட்டுவிட்டு அமெரிக்காவில் எனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டாள். அப்பா மட்டும் வந்து இறங்கினார், குரங்குக் குல்லாவும் வால்பாறைக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டருமாக. “வால்பாறைக் குளுரையே பாத்தவன் அம்மணி நானு” என்று விமான நிலையத்திலேயே சவால் விட்டார். கார்த்திகையில் முதல் பனி விழுந்த அன்றைக்கு அந்த ஸ்வெட்டருக்கு மேல் என் வீட்டுக்காரரின் ஸ்வெட்டரையும் அதற்கு மேல் ஒரு போர்வையையும் போட்டுக்கொண்டு, “பரவாயில்ல, கொஞ்சம் சாஸ்திதான்” என்றார்.

அவருக்கு இந்த வீட்டிலேயே பிடித்த இடம் பேஸ்மென்ட். காப்பி குடித்ததும் தோப்புக்குக் கிளம்புகிற மாதிரி கீழே இறங்கிப் போய், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு பாய்லருக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். அதற்கு மோட்டார் ரூம் என்று பெயரும் வைத்துவிட்டார். பம்பு ஓடுகிற சத்தத்துக்குத் தலையைச் சாய்த்துக் கேட்பார். “நம்ம கோயமுத்தூருப் பம்பா இருந்தா இத்தன சத்தம் வராது அம்மணி” என்று மேலே வந்து குறை சொல்வார். எனக்கு அது காதுக்கு இனிப்பாக இருக்கும். தென்னந்தோப்பில் மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள் நான். எட்டாயிரம் மைல்களைத் தாண்டி வந்தும் வீட்டுக்கடியில் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்றால் வேறென்ன வேண்டும்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கு மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். எப்போது வரும், எப்போது போகும் என்று ஒரு நம்பிக்கையும் கிடையாது. ஸ்டார்ட்டரைப் போட்ட நிலையில் விட்டுவிட்டு ஆள் வீட்டுக்கு வந்துவிட்டால் வந்தது வினை. கரண்டு தானாக வந்து, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளே கம்பிச்சுருள் கருகிப்போகும். அதைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, புதுக் கம்பி சுற்றித் தருகிற ரீவைண்டிங் கடையில் தவம் கிடக்க வேண்டும். அதற்குள் நாற்று வாடிவிடும். அதனால் எங்கள் ஊர் விவசாயிகளுக்கு ரத்தத்தில் ஊறின பழக்கம் ஒன்று உண்டு: ஆள் நகர்ந்தால் மெயினை அணை, வால்வை மூடு. அப்பா அதில் ஒரு படி மேல். உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட வீட்டு மெயினை அணைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். திரும்பி வந்தால் ஃபிரிட்ஜில் பால் திரிந்து கிடக்கும். அம்மா கத்துகிற கத்தல் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும். அடுத்த கல்யாணத்துக்கும் அணைப்பார்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரர் வீட்டுச் சூட்டின் அளவைக் கட்டுப்படுத்துகிற, சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட்டை ஐம்பத்தைந்தில் திருப்பி வைத்தார். இந்த நாட்டு ஃபாரன்ஹீட் கணக்கில் தண்ணீர் உறைகிற முப்பத்திரண்டுக்கு அது நன்றாகவே மேலே. ஆளில்லாத வீட்டுக்கு அது போதும். அப்பா பின்னாலேயே நின்று பார்த்தார்.

“ஏனுங் மாப்பிள்ள, நாமதான் அத்தன பேரும் போறமே. அப்பறம் இது ஆருக்கு எரியோணும்?”

“ஊட்டுக்குத்தானுங் மாமா. இல்லீன்னா குழாய்ல தண்ணி உறைஞ்சு போயிருமுங்க.”

“உறைஞ்சா உறையட்டும். மறுக்கா உருகாதா?”

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பெட்டிகளை எடை பார்க்கிற அவசரம். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

பக்கத்து வீட்டு ஃப்ராங்கிடம் சாவி கொடுக்கப் போனேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். மனைவி இல்லை, ஒரு கிழட்டு நாய் உண்டு. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது நமக்கெல்லாம் கதவைச் சாத்துவது மாதிரி ஒரு பழக்கம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?” என்று கேட்டார். செடி இல்லை என்றேன். “பூனை இருக்கிறதா?” இல்லை. “அப்படியானால் இந்தச் சாவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும்?” ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா வைத்திருங்கள் என்றேன். ஏதோ வெடிகுண்டை வாங்குகிற மாதிரி இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார். கூடவே கொடுத்த நேந்திரங்காய் சிப்ஸை மட்டும் மறுபேச்சு இல்லாமல் வாங்கினார்.

கிளம்புகிற அன்று டாக்ஸி வாசலில் நிற்கிறது, அப்பாவைக் காணோம். “கீழ ஒருக்கா பாத்துப்போட்டு வாரேன்” என்று குரல் வந்தது. தன் மோட்டாரிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறார் என்று நானும் என் வீட்டுக்காரரும் கண்ணைக் காட்டிச் சிரித்துக்கொண்டோம். அப்பா வந்தார், கதவைப் பூட்டினோம், போனோம். வீடு கதகதப்பாக இருந்தது. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

விமானம் மாறி விமானம் ஏறி கோயமுத்தூரில் இறங்கி, கிணத்துக்கடவு வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, எனக்குத் தூக்கம் தலைக்கேறிக்கொண்டிருந்த மத்தியானம். அமெரிக்காவிலிருந்து வந்தவர்களைப் பார்க்க ஒறம்பரை பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சொந்தபந்தம்தான். அப்பா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தார். பனி முழங்கால் அளவு, ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள், இப்படி. அப்புறம் மோட்டார் ரூம் வந்தது. “படிக்கட்டு மேல செவப்பா ஒரு சுச்சு. அதுதான் பாய்லருக்கு மெயினு. அதை அணைச்சு, தண்ணி வார கேட்வால்வையும் மூடிப்போட்டுத்தான் நான் வண்டியே ஏறுனேன். இவீகளுக்கு அதெல்லாம் எங்க தோணுது? சும்மா எரியட்டும்னு உட்டுப்போட்டு வாராங்க!”

என் கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு வாசற்படியில் வந்து நின்றார். எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற முதல் வீடு அது. வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. உள்ளே அத்தனை குழாயிலும் தண்ணீர், வெளியே உறைபனி, நடுவில் நெருப்பு இல்லை. தண்ணீர் உறையும்போது பருக்கும். பருத்தால் இரும்பென்றும் பார்க்காது, செம்பென்றும் பார்க்காது, பிளந்துவிடும். பிறகு எப்போதாவது உருகினால் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் ஊற்றும். வீட்டிலிருக்கிற தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டுப் பாய்லரை அணைப்பது ஒரு முறை. இங்கே சிலர் அப்படிச் செய்வார்கள். தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு அணைத்தால் வீட்டுக்குச் சமாதி கட்டுகிற மாதிரிதான். “அட கெரகமே!” என்று என் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட பிறகுதான் அப்பாவின் முகம் மாறியது.

சாயங்காலம் ஆனால்தான் அங்கே விடியும். வீட்டுப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது என்பதால் தம்பியின் ஸ்கூட்டரில் நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். லைன் கிடைக்க எத்தனை முறை எண்ணை அழுத்தினேன் என்று தெரியாது. கிடைத்ததும் மூச்சு விடாமல் ஃப்ராங்கிடம் சொன்னேன்: பாய்லர் அணைந்திருக்கிறது, உங்களிடம் சாவி இருக்கிறது, தயவு செய்து போங்கள்.

“அணைந்துவிட்டதா, யாராவது அணைத்தார்களா?”

“என் அப்பா அணைத்தார்.”

ஃப்ராங்க் மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: “உங்கள் அப்பாவுக்கு உங்கள் மேல் ஏதாவது கோபமா?”

ஐயோ, இல்லை, அன்பினால்தான் அணைத்தார் என்று சொன்னேன். அவருக்கு அது இன்னும் குழப்பமாகப் போயிருக்க வேண்டும். பாய்லரை அப்படியே திரும்பப் போட்டுவிட வேண்டாம், எங்காவது உடைந்து தண்ணீர் குறைந்திருந்தால் ஆபத்து, முதலில் எல்லாவற்றையும் பாருங்கள் என்று என் வீட்டுக்காரர் ரிசீவரைப் பிடுங்கிச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு ஃப்ராங்க் வைத்தார்.

அந்த ஒரு மணி நேரம் பூத்து வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பொள்ளாச்சி பஸ்கள் தேங்காய் மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தன. எனக்கு முதுகில் வேர்வை ஓடியது. ஆனால் மனசுக்குள் இந்த நேரம் சமையலறைக் குழாய் வெடிக்கிறது, இந்த நேரம் குளியலறைக் குழாய் வெடிக்கிறது என்று ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பூத்துக்காரர் பொறுக்க முடியாமல் டீ சொல்லிவிட்டு வந்து கேட்டார்: “ஏனுங், அமெரிக்காவுல ஊடு தீப்புடிச்சிருச்சுங்களா?” “இல்லீங், குளுருதுங்க” என்றார் என் வீட்டுக்காரர். பூத்துக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுபடி கூப்பிட்டபோது ஃப்ராங்க் மூச்சு வாங்கப் பேசினார். வீடு பயங்கரக் குளிர். ஆனால் நடு அறைகளில் தண்ணீர் இன்னும் உறையவில்லை. வடக்குப் பக்கம் சன்னல் வைத்த தாழ்வாரத்தில் இருக்கிற ரேடியேட்டர் மட்டும் அடியில் பிளந்திருக்கிறது. மின்சார ஹீட்டர் இரண்டை உள்ளே வைத்துவிட்டார், குழாய்க்காரருக்குச் சொல்லிவிட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “தண்ணீர் வரும் வால்வை மூடியது யார்? அது மூடாமல் இருந்திருந்தால் அந்த விரிசல் வழியாக ஊர்த் தண்ணீரெல்லாம் உங்கள் பேஸ்மென்டுக்குள் வந்திருக்கும். கெட்டிக்கார மனிதர்.” அதுவும் என் அப்பாதான் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டபோது உடைந்த ரேடியேட்டரை மட்டும் தனியாக அடைத்துவிட்டு, குழாய்களில் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியே விட்டு, பாய்லரை ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி கிடைத்தது. வீடு தப்பித்தது. எனக்கு ரிசீவரை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூத்துக்காரர் தீ அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, “எல்லாம் நல்லதுக்குத்தானுங்க” என்றார்.

அப்பாதான் தேறவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “பரவாயில்லீங் மாமா, ஒரு ரேடியேட்டர்தானுங்க” என்றார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல அப்பாவுக்கு அது இன்னும் உறுத்தியது. கல்யாண வீட்டில் பந்தல்காரனோடு சண்டை போட வேண்டியவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டார். “அம்மணி, நம்மூட்டுத் தேங்காயெண்ணெ மார்கழில உறைஞ்சு போகுது. வெயில்ல வெச்சா உருகிருது. பாட்டலுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. தண்ணிக்கு மட்டும் என்ன?” அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாழ்நாளெல்லாம் தேங்காயோடு கிடந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே உறைதல் அதுதான். நான் எப்படிச் சொல்லியும் அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் அம்மாவின் கூச்சலில்தான் எழுந்தேன். “ஐஸ் பொட்டி பூராவும் கண்ணாடிச் சில்லு! கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இந்த மனுசன் என்ன பண்ணி வெச்சிருக்காருன்னு வந்து பாரு!” அப்பா முதல் நாள் ராத்திரி ஒரே அளவில் இரண்டு மருந்து பாட்டில்களை எடுத்து, ஒன்றில் எண்ணெயும் ஒன்றில் தண்ணீரும் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி, ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார். எண்ணெய் பாட்டில் முழுசாக இருந்தது, உள்ளே வெள்ளையாக இறுகி நடுவில் லேசாகக் குழி விழுந்து. தண்ணீர் பாட்டில் நெடுகப் பிளந்து, கண்ணாடி போன பக்கமெல்லாம் ஐஸ் மட்டும் பாட்டில் உருவத்தில் நின்றது. இரண்டையும் ஒரு தட்டத்தில் வைத்து, தாம்பூலம் கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி என் வீட்டுக்காரர் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

“மாப்பிள்ள, எண்ணெ உறைஞ்சா அடங்குதுங்க. தண்ணி உறைஞ்சா பொங்குதுங்க. இத்தன வயசுக்கு இது எனக்குத் தெரியலீங்க.”

“எனக்கும் எண்ணெ குழி விழுகறது இன்னிக்குத்தானுங் மாமா தெரியும்” என்றார் என் வீட்டுக்காரர். அப்பா சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் பந்தல்காரனுக்கு நல்ல டோஸ் விழுந்தது. கல்யாணம் அமோகமாக நடந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது வீடு கதகதப்பாக எங்களுக்காகக் காத்திருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த ஃப்ராங்கிடம் நீங்களே வைத்திருங்கள் என்றேன். இந்தத் தடவை எதற்கு என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் வீட்டுச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “செடி இல்லை, நாய் என்னோடுதான் இருக்கும், சும்மா வைத்திருங்கள்” என்றார். அது எங்கள் சமையலறையில் மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. தாழ்வாரத்தில் புது ரேடியேட்டர் வந்தது. சிவப்பு சுவிட்சின் மேல் என் வீட்டுக்காரர் தமிழில் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டினார். அப்பா மறுபடி வந்தால் கோபித்துக்கொள்வார் என்று நான் கிழித்துப் போட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குப் போன் செய்தேன். அங்கே அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது. அம்மா எடுத்ததும் எடுக்காததுமாக ஆரம்பித்தாள். “உங்கப்பனுக்கு என்னமோ ஆயிப்போச்சு கண்ணு. ஒரு பல்பு சும்மா எரிஞ்சா குதிக்கற மனுசன், மாடியில நீங்க ரெண்டு பேரும் படுத்திருந்த ரூம்புல லைட்டப் போட்டே வெச்சிருக்காரு. பகல்லயும் எரியுது. முந்தாநேத்து தோப்புக்குப் போகையில ஊட்டு மெயினக்கூட அணைக்கல. நான் போய் அந்த லைட்ட அணைச்சா, மறுக்கா ஏறிப் போய்ப் போடறாரு.” பின்னாலிருந்து அப்பா ரிசீவரை வாங்குகிற சத்தம் கேட்டது.

“ஏனுங்கப்பா, ஆருக்கு எரியுது அது?” என்று கேட்டேன்.

“ஆளில்லாத ஊட்டுக்கும் கொஞ்சம் சூடு இருக்கோணுமல்லொ அம்மணி” என்றார்.

என் காலடியில் பேஸ்மென்டில் பாய்லர் பற்றிக்கொண்டது, பம்பு ஓட ஆரம்பித்தது. கிணத்துக்கடவு மாடியறையில் என் பழைய கட்டிலுக்கு மேலே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு இன்றுவரை அதை யாரும் அணைக்கவில்லை. அன்று அம்மாவிடம் மறுபடி போனைக் கொடுக்கச் சொல்லி, “அந்த லைட்டு அப்புடியே எரியட்டுமுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ச் சன்னலுக்குக் கீழே ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.